ஒரே ஒரு ஆஸ்பெக்ட்டுக்கு எல்லை: பாயிண்ட்கட்டிலா, அனோடேஷனிலா, எக்ஸ்எம்எல் கோப்பிலா?

வேலூர் சத்துவாச்சாரியிலுள்ள எங்கள் அலுவலகத்தில், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றுக்காக எழுதிய ஜாவா மென்பொருளில், ஆஸ்பெக்ட்ஜே என்னும் கருவி கொண்டு இரண்டு ஆஸ்பெக்ட்டுகளை, அதாவது பல கிளாஸ்களுக்கும் பொதுவான வேலையை ஒரே இடத்தில் எழுதி வைக்கும் நிரல் பகுதிகளை, அமைத்திருந்தோம். ஒன்று வாரக் கூலிக் கணக்குக்கு ஆகும் நேரத்தை அளப்பது. மற்றொன்று கூலியிலோ தோல் இருப்பிலோ யார் எதை மாற்றினாலும் பதிவு செய்வது. நேரம் அளப்பது இருப்புப் பகுதியிலும் புகுந்து லாக் கோப்பை நிரப்பவே, ஆஸ்பெக்ட்ஜேயின் அமைப்புக் கோப்பான ஏஓபி.எக்ஸ்எம்எல்லில், ஆஸ்பெக்ட்டுகளை நிரலுக்குள் பின்னும் வீவருக்கான ‘வீவர்’ பகுதியிலுள்ள ‘இன்க்ளூட்’ வரியைக் கூலி பேக்கேஜுக்கு (கூலி கிளாஸ்களின் தொகுப்புக்கு)ச் சுருக்கினோம். லாக் குறைந்தது, ஆனால் மாதக் கடைசியில் இருப்பைச் சரிபார்த்தபோது, அந்தத் தேதிக்குப் பிறகு இருப்பில் நடந்த மாற்றம் ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்பது தெரிந்தது. அந்த வரி, வீவர் எந்தெந்த கிளாஸ்களைத் தொடலாம் என்பதையே வரையறுப்பதால், விடுபட்ட கிளாஸ்களுக்குள் எந்த ஆஸ்பெக்ட்டும் நுழைய முடியாது. தனி ஆஸ்பெக்ட்டுக்கு வேலியிட அது ஏற்ற இடமன்று.

ஆஸ்பெக்ட் எந்த இடங்களில் இயங்க வேண்டும் என்று சொல்லும் பாயிண்ட்கட்டிலேயே, மெத்தட் இயங்குவதைக் குறிக்கும் ‘எக்சிகியூஷன்’ நிபந்தனையுடன் ‘வித்தின்’ சேர்ப்பது நேரான வழி. பொருந்துகிறதா என்பது வீவிங்கின்போதே முடிவாகிவிடுவதால் ஓட்டநேரச் சுமை இல்லை. ஆனால் ‘வித்தின்’ பார்ப்பது நிரல் எழுதப்பட்ட இடத்தை. ஆதலால் கூலி கிளாஸ் ஒன்று பொது பேக்கேஜிலுள்ள தாய் கிளாஸிடமிருந்து பெற்ற மெத்தட் எல்லைக்கு வெளியே நின்றுவிடும். பேக்கேஜ் பெயர் மாறினாலும் இதே சிக்கல்தான். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனதுபோல, மாவட்டப் பெயரில் அமைந்த பேக்கேஜும் ஒருநாள் பிரியலாம். பழைய பெயரைத் தேடும் ஆஸ்பெக்ட் எதிலும் பொருந்தாமல் போனால் கம்பைலர் எச்சரிக்கை தருமே ஒழிய வேலையை நிறுத்தாது.

மெத்தட்டின் மேல் இடும் அடையாளக் குறியான அனோடேஷன், பேக்கேஜின் பெயர் மாற்றத்துக்கு அசையாது. எனினும் அதை ஒவ்வொரு மெத்தட்டிலும் இட மறவாமை வேண்டும். தணிக்கைப் பதிவு போன்ற, ஓர் இடம்கூட விடுபடக் கூடாத பணிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எங்கள் சிக்கலுக்கு உரிய தீர்வு, அதே எக்ஸ்எம்எல் கோப்பில் நேரம் அளக்கும் ஆஸ்பெக்ட்டின் பெயருக்கு அருகிலேயே ‘ஸ்கோப்’ என்னும் பண்பை இட்டு, கூலி பேக்கேஜின் பெயரைத் தருவதுதான். இது அந்த ஒன்றை மட்டும் கட்டுப்படுத்துகிறது. மூலநிரல் நம் கையில் இல்லாத ஆஸ்பெக்ட்டுக்கும் செல்லும். கம்பைல் நேர வீவிங்கிலும் ‘எக்ஸ்எம்எல்கான்ஃபிகர்ட்’ விருப்பத்தின் வழியே பயன்படும். ஜாவா கோப்பை மட்டும் படிப்பவருக்கு எல்லை கண்ணில் படாது என்பது இதன் உண்மையான குறை. அதனால், மென்பொருளை நிறுவும் இடத்துக்கு இடம் எல்லை மாறுமானால் ‘ஸ்கோப்’. ஆஸ்பெக்ட்டின் நோக்கத்திலேயே அடங்கியதானால் பாயிண்ட்கட் என்று பிரித்துக்கொள்கிறேன்.

ஆஸ்பெக்ட்ஜேயின் வீவர் இன்றி, ஸ்பிரிங் கட்டமைப்பின் ஏஓபி (ஆஸ்பெக்ட் வழி நிரலாக்கம்) மட்டும் பயன்படுத்துவோருக்கு, ஸ்பிரிங் நிர்வகிக்கும் பொருளான பீனின் பெயரைக் கொண்டு எல்லையிட ‘பீன்’ என்னும் நிபந்தனை உதவும்; ஆனால் ப்ராக்ஸி (பீனுக்கு முன் நிற்கும் இடைப்பொருள்) வழியே வரும் அழைப்புகளையே அது காணும், ஒரு பீன் தன் மெத்தட்டைத் தானே அழைத்தால் காணாது.

வீவர் வரியைப் பழையபடி விரித்து, நேரம் அளப்பதற்கு மட்டும் ‘ஸ்கோப்’ இட்டபின், இருப்பு மாற்றங்கள் மறுபடி பதிவாகத் தொடங்கின.