பாட்டிலா, பாலாடையா? கழுவுகிறவரின் கணக்கு

தாய்ப்பால் போதவில்லை, பவுடர் பாலும் சேர்த்துக் கொடுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி, எதில் கொடுப்பது? எங்கள் வீட்டில் ஃபீடிங் பாட்டிலும் இருந்தது, ஸ்டீல் பாலாடையும் (மூக்கு வைத்த சின்னப் புகட்டும் கிண்ணம்) இருந்தது. சில மாதங்கள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினோம். இரவில் பால் கலக்குவதும் பாத்திரம் கழுவுவதும் என் பொறுப்பு. அதனால் இந்த அலசல் சிங்க் பக்கம் நின்று எழுதியது. என் ஓட்டு எதற்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆரம்ப மாதங்களுக்குப் பாலாடைதான்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சட்டென்று முடித்துவிடலாம். பாலாடை மலிவு, உடையாது. பாட்டிலில் வேகமாகக் கொடுக்கலாம், பயணத்துக்கு வசதி, மில்லி கோடு போட்டிருப்பதால் அளவில் குழப்பம் இல்லை. குழந்தை தாய்ப்பாலும் குடிக்கிறது என்றால், நிப்பிளுக்குப் பழகிய சில குழந்தைகள் மார்பில் குடிக்க அடம்பிடிக்கும். எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு மருத்துவமனைகளில் பாலாடையால் புகட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பால் கலக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் பலர் கவனிக்காத ஒன்று அதில் இருக்கிறது. டின்னுக்குள் இருக்கும் பவுடர் கிருமியே இல்லாத பொருள் அல்ல. குரோனோபேக்டர் என்ற பாக்டீரியா அரிதாக அதில் இருக்கக்கூடும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் அது வந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெந்நீரில் கலக்கச் சொல்கிறது. கொதிக்க வைத்த தண்ணீரை அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடக் கூடாது. கொஞ்சமாகக் கொதிக்க வைத்தால் அதற்கு முன்பே சூடு இறங்கிவிடும், ஒரு லிட்டராவது வையுங்கள். ஆர்.ஓ. தண்ணீர், கேன் தண்ணீர் என்றாலும் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். சில டின்களில் வெதுவெதுப்பான நீர் என்று போட்டிருக்கும்; புரோபயாட்டிக் சேர்த்த வகையென்றால் அதிகச் சூட்டில் அந்த நல்ல பாக்டீரியா செத்துவிடும். உங்கள் குழந்தைக்கு எது சரி என்பதை டின்னைக் காட்டி மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.

முதலில் தண்ணீர், அப்புறம் பவுடர். டின்னோடு வரும் கரண்டியில் தலைதட்டி அளந்து, டின்னில் போட்டிருக்கும் விகிதத்தில். பெரும்பாலான டின்களில் 30 மில்லிக்கு ஒரு கரண்டி. 'கொஞ்சம் கெட்டியா கொடுத்தா நல்லா தூங்கும்' என்று வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இங்கே பாலாடைக்கு நான் எதிர்பார்க்காத ஒரு லாபம் கிடைத்தது. 70 டிகிரியில் கலந்த பாலைக் குழந்தை குடிக்கும் சூட்டுக்கு ஆற்ற வேண்டுமே! பாலாடைக்கு ஸ்டீல் டம்ளரில் கலக்குகிறோம். டம்ளரைக் குளிர்ந்த தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால் சீக்கிரம் ஆறிவிடுகிறது. பிளாஸ்டிக் பாட்டில் சூட்டை விட மனசில்லாமல் பிடித்து வைத்திருக்கும். நடுராத்திரியில் குழந்தை வீறிட்டு அழும்போது அந்த வித்தியாசம் பெரிசு. எதுவானாலும் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே வாய்க்குப் போக வேண்டும்.

சரி, கழுவும் வேலைக்கு வருகிறேன். என் முடிவைத் தீர்மானித்தது அதுதான்.

ஒரு பாட்டில் என்பது உண்மையில் ஒரு பொருள் அல்ல. பாட்டில், நிப்பிள், திருகு வளையம், மூடி. வாயுத் தொல்லை வராது என்று விற்கும் வகையென்றால் கூடவே ஒரு வால்வும் குழாயும். பால் கொழுப்பு ஒட்டுவது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இல்லை. வளையத்தின் மரைக்குள், நிப்பிளின் விளிம்புக்கு அடியில், வால்வின் மடிப்பில். இவை ஒவ்வொன்றையும் கழற்றி, பாட்டிலுக்கு ஒரு பிரஷ், நிப்பிளுக்குச் சின்ன பிரஷ் போட்டு, சோப்பு வெந்நீரில் தேய்த்து அலச வேண்டும். அப்புறம்தான் கொதிக்க வைப்பது. நிப்பிளுக்குள் காற்றுக் குமிழ் நின்றால் அந்த இடத்தில் கொதிநீரே படாது. முழுக்க மூழ்கடித்து 10 நிமிடம் கொதிக்க வேண்டும். பிரஷையும் சுத்தமாக வைத்து, முடி வளைந்ததும் மாற்ற வேண்டும். பிளாஸ்டிக்கின் உள்ளே பிரஷ் கீறிய கோடுகளில் அழுக்கு தங்கும். கொதித்துக் கொதித்து நிப்பிள் பிசுபிசுக்கும், விரியும்; அதையும் பார்த்து மாற்ற வேண்டும். குழந்தைக்கு ஒரு நாளைக்கு எட்டு வேளை பால் என்றால் இது எத்தனை உருப்படி என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

பாலாடையில் மூலை முடுக்கு கிடையாது. திறந்த குழி, ஒரு மூக்கு. விரலால் தேய்த்தாலே சுத்தம் தெரியும். கூடவே கலக்கிய டம்ளரும் ஸ்பூனும். மூன்றையும் ஒரு சின்னப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தால் முடிந்தது. தூக்கக் கலக்கத்தில் கழுவுகிறவர் தவறவிடக்கூடிய இடமே இல்லாத பாத்திரம் என்பதுதான் இதன் பெரிய பலம். ஒன்று மட்டும், சாதா ஸ்டீலாக இருக்கட்டும். சீர்வரிசையில் வரும் வெள்ளிப் பாலாடையின் விளிம்பில் பூ வேலைப்பாடு இருந்தால் அதற்குள்ளும் பால் காய்ந்து ஒட்டும். அதை ஃபோட்டோவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மின்சார ஸ்டெரிலைசர் வாங்கினால் பாட்டில் தொல்லை தீருமே என்பார்கள். கொதிக்க வைக்கும் வேலையைத்தான் அது குறைக்கும்; தேய்க்கும் வேலை அப்படியே இருக்கும். போர் தண்ணீர் ஊற்றினால் அதன் தட்டில் வெள்ளையாக உப்பு படியும், அதைச் சிட்ரிக் அமிலம் போட்டுச் சுரண்டுவது தனி வேலை.

பாலாடையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். நேரம் பிடிக்கும், சிந்தும். சிந்தியதால் குழந்தை எவ்வளவு குடித்தது என்பதில் எப்போதும் ஒரு சின்னச் சந்தேகம் இருக்கும். டம்ளரில் அளவுக் கோடு இல்லாததால் தண்ணீரை அளக்க ஒரு சின்ன அளவுக் குவளை தேவை, அதையும் கொதிக்க வைக்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், புகட்டத் தெரிந்திருக்க வேண்டும். படுக்க வைத்துப் புகட்டவே கூடாது. தலையைத் தாங்கி, ஏறக்குறைய உட்கார்ந்த நிலையில் மடியில் வைத்து, கடைவாயில் பாலாடையின் மூக்கை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். விழுங்கிய பிறகே அடுத்தது. அழும் குழந்தையின் வாயில் ஊற்றினால் புரையேறும். மருத்துவமனையிலிருந்து வரும் முன் செவிலியரிடம் கூடவே இருந்து கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் பார்த்துக்கொள்பவர் பொறுமை இல்லாதவர் என்றால் பாட்டிலே மேல்.

மீந்த பாலில் மட்டும் இரண்டுக்கும் சலுகை கிடையாது. கலந்து இரண்டு மணி நேரத்துக்குள் தீராததைக் கொட்டிவிட வேண்டும். கலந்ததும் ஆற்றி, வாய் படாமல், 5 டிகிரிக்குள் இருக்கும் ஃப்ரிட்ஜில் வைத்தால் 24 மணி நேரம் வரை தாங்கும் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. எங்கள் ஃப்ரிட்ஜ் அடிக்கடி திறக்கப்படுவது, போதாததற்கு மின்வெட்டு. அதனால் அந்த வழிக்கு நாங்கள் போகவில்லை.

குழந்தை கையை நீட்டிப் பாலாடையைத் தட்டிவிடும் வயது வந்த பிறகு எது நல்லது என்பதில் என் அனுபவம் குறைவு. எங்கள் வீட்டில் ஒரே குழந்தை, அதுவும் அப்போது பாதி பாட்டிலுக்கு மாறிவிட்டது. இரட்டைக் குழந்தைகள் வீட்டில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகலாம். பாட்டில்தான் என்று முடிவானால் வாய் அகலமான கண்ணாடி பாட்டிலாக, வால்வு இல்லாததாக, ஒரே அளவில் நான்கைந்து வாங்குங்கள். எந்த வளையமும் எந்த பாட்டிலுக்கும் பொருந்தும்.