சுவான் சியூங் குளிசை: வாடைக்காற்றுத் தலையிடிக்கு மட்டும்

மாரிகாலத் தலையிடிக்கு நல்ல சீன மூலிகைக் குளிசை. வெயில் தலையிடிக்குச் சல்லிக்கும் உதவாது. அவசரக்காரர் இதோடு நிறுத்தலாம்.

முழுப்பெயர் சுவான் சியூங் சா டியாவ். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு சீனக் கடையில் வாங்கி மச்சாள் அனுப்பினா. சின்னப் போத்தல், மிளகிலும் சிறிய கறுப்புக் குளிசைகள். ஒரு வேளைக்கு எட்டு, நாளைக்கு மூன்று வேளை. மூடியைத் திறந்தால் செலரித் தண்டு மாதிரி ஒரு காரமான மணம் வரும். விழுங்காமல் வாயில் வைத்திருந்தால் நாக்கு நுனி லேசாக விறைக்கும்.

நான் யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் தையல் வேலை செய்கிறேன். கார்த்திகையில் வாடை அடிக்கத் தொடங்கினால் எனக்குத் தடிமன் பிடிக்கும். மூக்கு அடைத்து, நெற்றியும் பிடரியும் இறுகி, மெசினுக்கு நூல் கோர்க்கக் குனிய ஏலாது. அப்படியான ஒரு கிழமையில்தான் இதைத் தொடங்கினேன். முதல் நாள் பின்னேரமே பிடரி இளகியது, மூக்கும் திறந்தது. ஆவியும் பிடித்தேன், ஆகவே முழுப் புகழையும் குளிசைக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் வெறும் ஆவிக்கு எனக்கு இவ்வளவு கெதியாகக் கேட்டதில்லை.

சொங் அரசர் காலத்து மருந்து நூலில் உள்ள பழைய கூட்டு இது, எட்டு மூலிகைகள். சீன வைத்தியத்தில் தலையிடியை இடம் பார்த்துப் பிரித்து மூலிகை கொடுப்பார்கள்: நெற்றிக்குப் பை ஜி, பக்கங்களுக்குச் சுவான் சியூங், பிடரிக்குச் சியாங் ஹுவோ. வெளியிலிருந்து ஏறிய காற்றையும் குளிரையும் விரட்டுவதுதான் இந்தக் கூட்டின் வேலை. வாடைக்கென்றே செய்தது போல இருக்கிறது, இல்லையா? தேயிலைத் தண்ணீரோடு எடுக்க வேண்டும் என்பது பழைய விதி. மூலிகைகள் மேலே ஏற்றிக் காய வைக்கும், தேயிலை அதைக் கொஞ்சம் கீழே இறக்கும் என்பது அவர்கள் கணக்கு. பச்சைத் தேயிலை கிடைக்காததால் சீனி போடாத வெறும் தேத்தண்ணியோடு விழுங்கினேன்.

ஆடி வெயிலில் திருநெல்வேலிச் சந்தைக்குச் சைக்கிளில் போய் வந்து, கண்ணுக்குப் பின்னால் குத்தும் தலையிடிக்கும் இதையே போட்டுப் பார்த்தேன். தொண்டை காய்ந்ததுதான் மிச்சம். புதினா இனத்து இலை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் சூட்டுச் சரக்கு. சூட்டுத் தலையிடிக்குச் சீனர்களே செவ்வந்திப்பூவின் பக்கம்தான் போவார்கள். மாமி கேட்டா: "சுக்கை உரைச்சுப் பத்துப் போட்டாப் போற தலையிடிக்குக் கனடாக் குளிசையோ பிள்ளை?" தடிமன் தலையிடிக்கு அவ சொல்வது சரிதான், ஆனால் நெற்றியில் பத்தோடு வாடிக்கையாளருக்கு அளவெடுக்க முடியாதே.

இனி என் பெரிய மனக்குறை. போத்தலில் மூலிகைப் பெயர்கள் எறும்பெழுத்தில் இருக்கின்றன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சி சின் என்ற மூலிகையும் உண்டு. அது நம்மூர் ஆடுதின்னாப்பாளையின் குடும்பம். அந்தக் குடும்பச் செடிகளில் உள்ள அரிஸ்டலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். இந்த அமிலம் வேரில் குறைவு என்பதால், 2005இல் சீன அரச மருந்து நூல் முழுச் செடியை விட்டு வேர்ப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டது. என் போத்தலில் போனது வேரா முழுச் செடியா, அமிலம் இருக்கிறதா என்று சோதித்தார்களா என்று ஒரு வரியும் இல்லை. அதனால் தடிமன் நாட்களில் மட்டும் எடுக்கிறேன், மாதக்கணக்கில் இல்லை. சிறுநீரக வருத்தக்காரர், கர்ப்பிணிகள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

மச்சாளிடம் இனிச் சி சின் சேராத கூட்டு இருந்தால் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இல்லையென்றால் செவ்வந்திப்பூப் பொட்டலம் போதும், அது ஆடிக்கு உதவும்.