வெபர் கெட்டில்: கரோலினாவுக்கும் டெக்சஸுக்கும் இடம் தரும் கரியடுப்பு

ஜார்ஜ் ஸ்டீபன் 1952இல் கடல் மிதவையின் உலோகக் கோளத்தைப் பாதியாக வெட்டி உருவாக்கிய வெபர் கெட்டில் என்னும் மூடியுள்ள கரியடுப்பு, அமெரிக்க பார்பெக்யூவின் (கரி நெருப்பில் மெல்லச் சுடும் இறைச்சியின்) வட்டாரப் போட்டிகளை வீட்டுக் கொல்லையிலேயே சுவைத்துப் பார்க்க விரும்புவோருக்கு மிகவும் ஏற்றது. 22 அங்குல விட்டமுள்ள அளவையே பரிந்துரைக்கிறேன்.

கூட்டத்துக்குச் சமைக்கப் பன்றித் தோள்பகுதியே சிறந்தது. கரித்துண்டுகளை விளிம்பையொட்டி அரைவட்டமாக அடுக்கி, ஒரு முனையில் மட்டும் பற்றவைத்து, மேலும் கீழும் உள்ள காற்றுத் துளைகளைச் சற்றே திறந்துவைத்தால், 110 முதல் 120 பாகை செல்சியஸ் வெப்பம் பல மணி நேரம் நிலைக்கிறது. இறைச்சியின் உட்பகுதி 95 பாகையை நெருங்கும்போது அது கையாலேயே பிய்ந்து வரும். எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு குறையும் என்பதால், 4 கிலோ இறைச்சி 15 பேருக்குப் போதும்.

வட கரோலினாவின் கிழக்குப் பகுதியினர் முழுப் பன்றியைச் சுட்டு, வினிகரும் மிளகாயும் கலந்த நீர்த்த சாற்றை ஊற்றுவர். அதே மாநிலத்தின் லெக்சிங்டன் பகுதியினரோ தோள்பகுதியை மட்டும் சுட்டு, சாற்றில் கெச்சப்பும் சேர்ப்பர். கொழுப்பின் திகட்டலை முற்றிலும் அடக்கும் கிழக்குச் சாறே மேலானது என்பது என் உறுதியான கருத்து.

டெக்சஸ் பாணியில் உப்பும் மிளகும் மட்டும் தடவிய மாட்டு மார்புக்கறியையும் இதில் சமைக்கலாம். ஆனால் முழுத்துண்டு ஒன்றுக்கே இடமுண்டு. ஆகவே பெரிய விருந்தென்றால் பன்றியிறைச்சியை முந்தைய நாளே சமைத்து, அதிலிருந்து வடிந்த சாற்றுடன் மூடிச் சூடாக்கிக்கொள்வது நல்லது.