மழை ஒன்றும் செய்யவில்லை: ஆறு ஆண்டுகள் கழித்து என் டென்ட்

போன வாரம் பெரியகுளத்திலிருந்து நண்பர் ஒருவர் கூப்பிட்டார். "நீங்க வச்சிருக்கிற அதே டென்ட் இப்ப ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் குறைஞ்சிருக்கு, வாங்கலாமா?" என்றார். அவர் கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் பரணிலிருந்து என் டென்ட்டை இறக்கிப் பையைத் திறந்திருந்தேன். குப்பென்று வாந்தி மாதிரி ஒரு புளித்த வாடை. மடிப்பைப் பிரித்தால் துணியோடு துணி ஒட்டிக்கொண்டு சரசரவென்று உரிந்து வந்தது. உள்பக்கம் விரலை வைத்தால் பலாப்பால் பட்டதுபோலப் பிசுபிசுப்பு. தையல் ஓரங்களில் பூச்சு பொடுகாக உதிர்ந்து தரையெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது.

"வாங்காதீங்க" என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டேன். அப்புறம் மனசு உறுத்தியது. நாற்பது இரவுக்கு மேல் என்னைக் காப்பாற்றிய பொருளைப் பற்றி ஒரே வார்த்தையில் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதனால் முழுதாகவே எழுதுகிறேன்.

2019 ஜனவரியில் வாங்கியது. இரண்டு பேர் படுக்கலாம். உள்ளே வலைத்துணி, மேலே பாலியஸ்டர் வெளித்துணி, ஃபைபர் கம்பு இரண்டு. இந்த விலையில் எல்லோரும் தருகிற அமைப்புதான். பெரும்பாலும் கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் மாமனாரின் உருளைக்கிழங்குக் காட்டோரத்தில் போடுவேன். சில முறை பூம்பாறையிலும் பூண்டியிலும் தெரிந்தவர்களின் பட்டா நிலத்தில் போட்டிருக்கிறேன். வனத்துறை நிலத்தில் அடிப்பதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். இருட்டில் காட்டுமாடு நடக்கிற தடத்தில் நம் கயிறு குறுக்கே நிற்கவே கூடாது.

முதலில் மழை. பழனி மலைக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. ஓர் ஐப்பசி இரவு எட்டு மணிக்குப் பிடித்தது, விடிகாலை நாலு வரை விடவில்லை. வெளித்துணி 2000 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். துணிமேல் இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால்தான் கசியத் தொடங்கும் என்று அதற்குப் பொருள். மழைத்துளியின் அழுத்தத்துக்கு அது தாராளம். டென்ட்டின் அடித்துணிக்குத்தான் அதைவிட அதிகம் வேண்டும், முழங்கால் ஊன்றி உட்கார்ந்தால் அந்த ஓர் இடத்தில் அழுத்தம் கூடிவிடும். அன்றைக்கு அடியில் தனியாகத் தார்ப்பாய் விரித்திருந்ததால் பிழைத்தேன். விடிந்து பார்த்தபோது கால்மாட்டில் உள்ளங்கை அளவு ஈரம், அதுவும் என் படுக்கை துணியில் உரசியதால் வந்தது. மேலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. அந்தக் காலையில் நான் பட்ட சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

காற்று அடுத்தது. ஆடி மாதம் மேல்காற்று மன்னவனூர்ப் புல்வெளியில் எப்படி வீசும் என்று போனவர்களுக்குத் தெரியும். மழையில் ஊறிய கறுப்பு மண்ணில் டென்ட்டோடு வந்த ஒல்லி முளைகள் நிற்கவே நிற்காது, வெண்ணெயில் குத்தியது மாதிரி. வாட்டில் மரக் கிளையை முழ நீளத்துக்கு வெட்டிச் சீவி முளையாக அடித்தேன், அன்றிலிருந்து அதுதான். ஃபைபர் கம்பு ஒரு முறை இணைப்புப் பக்கத்தில் நெடுக்காகப் பிளந்தது. மூஞ்சிக்கல் பக்கம் ஒரு பட்டறையில் விரல் நீள அலுமினியக் குழாயை மேலே மாட்டித் தந்தார்கள். இன்றுவரை நிற்கிறது.

குளிரில் வேறு பாடம். மார்கழியில் ஒரு தடவை, காற்றுப் படாமல் இருக்கட்டும் என்று பள்ளமான இடத்தில் போடப் போனேன். "மாப்ள, அந்தப் பள்ளத்துல போடாதீங்க. பகல்ல தண்ணி எங்க ஓடுமோ, ராத்திரி குளுரும் அங்கதான் ஓடி வந்து நிக்கும்" என்றார் மாமா. பிடிவாதமாகப் போட்டேன். விடியும்போது வெளித்துணி அப்பளம் மாதிரி விறைத்து, உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. மேட்டில் இருந்த மாமாவின் வைக்கோல் போரில் வெறும் ஈரம்தான். உள்ளே நம் மூச்சுக்காற்றே ராத்திரி முழுக்கத் துணியில் படிந்து நீராக நிற்கும். அதை ஒழுகல் என்று நினைத்துத் திட்டுகிறவர்கள் அதிகம். இரண்டு பக்கக் காற்றுத் திறப்பையும் குளிருக்குப் பயந்து மூடாமல் இருந்தால் பாதி குறையும்.

இவ்வளவையும் தாங்கிய டென்ட் என் வீட்டுப் பரணில் செத்துப்போனது. எனக்கு ஆறாத விஷயம் அதுதான்.

துணிமேல் இருக்கும் நீர்காக்கும் பூச்சு பாலியூரித்தேன். ஈரம் கூடவே இருந்தால் அந்தப் பூச்சின் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து பூச்சே இளகிவிடும். வெப்பம் சேர்ந்தால் இன்னும் வேகம். மலையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கும் வெளித்துணியில் பனி சொட்டும். மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு டம்டம் பாறை தாண்டி இறங்கினால் வத்தலக்குண்டு வெயில். வீட்டில் தகரக் கூரைக்குக் கீழே பரண். மலை ஈரத்தையும் சமவெளிச் சூட்டையும் ஒரே பைக்குள் அடைத்து வருடக்கணக்கில் அவித்திருக்கிறேன். திங்கட்கிழமை வேலை, அப்புறம் காயப்போடலாம் என்று நானே எத்தனையோ முறை விட்டிருக்கிறேன். தவறு என் பேரிலும் உண்டு.

ஆனால் கோபமும் உண்டு. பெட்டியில் 2000 மி.மீ. என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். காயவைத்து எடுத்து வைக்கவும் என்பதைப் பையின் உள்தையலில், நகத்தளவுத் துணியில், பூதக்கண்ணாடி தேவைப்படும் எழுத்தில் வைத்தார்கள். அந்த எண் புதுத்துணிக்கு மட்டும்தான் பொருந்தும் என்று விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளித்துணியை மட்டும் தனியாகத் தருவீர்களா என்று கேட்டால், முழு செட்டாகத்தான் வரும் என்றார்கள். கம்பு நன்றாக இருக்கிறது, உள்துணி நன்றாக இருக்கிறது, ஒரு துணிக்காக எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டுமாம்! பூச்சை முழுதும் சுரண்டிப் புதிதாகப் பூசலாம் என்று ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன். பாதிகூட முடியவில்லை, கைதான் பிசுபிசுத்தது.

மாமாவிடம் காட்டினேன். அவர் வீட்டில் அடுப்புக்கு மேலே பூண்டுக் கட்டுகள் புகையில் தொங்கும். துணியை மோந்து பார்த்துவிட்டு, "ஈரப் பூண்டக் கட்டி வச்சா அழுகத்தானே செய்யும், மாப்ள" என்றார்.

சரி, நண்பருக்கு. விலை குறைந்தாலும் என் பதில் மாறவில்லை, வாங்காதீர்கள். வெளித்துணியைத் தனியாக விற்கிறவர்களிடம், அலுமினியக் கம்பு உள்ளதாகப் பார்த்து, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்குங்கள். சிலிகான் பூச்சுத் துணிக்கு இந்த அழுகல் வராது, ஆனால் விலை பல மடங்கு, தையலையும் நாமே அடைக்க வேண்டியிருக்கும். எதை வாங்கினாலும் ஈர வெளித்துணிக்குத் தனிப் பை வையுங்கள். வீடு சேர்ந்த அன்றைக்கே, எத்தனை மணி ஆனாலும், ஃபேனுக்குக் கீழே கொடியில் போடுங்கள். மொட்டைமாடி வெயிலில் நாள்கணக்கில் விடாதீர்கள், அது துணியையே இற்றுப்போகச் செய்யும். காய்ந்தபின் பழைய வேட்டியில் தளர்வாகச் சுற்றி, கட்டில் அடியில் வையுங்கள், பரணில் வேண்டாம்.

என்னுடையதை நான் தூக்கிப் போடவில்லை. மேலே கட்ட 12-க்கு 9 அடியில் ஒரு தார்ப்பாய் வாங்கியிருக்கிறேன். நான்கு மூலையிலும் வளையம் அடித்தாயிற்று. தை பிறந்ததும் அதோடுதான் மன்னவனூர் போகிறேன்.