ஷார்ட்ஸா, ரீல்ஸா, டிக்டாக்கா: சேனலுக்கு ஆள் கூட்டி வருவது எது?

சைக்கிள் ரிப்பேர் பற்றி யூடியூபில் வீடியோ போடுகிறவன் நான். ஒவ்வொன்றும் பதினைந்து, இருபது நிமிஷம் ஓடும். பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் வந்தவர்கள் கடைசிவரை உட்கார்ந்து பார்ப்பார்கள். "ஷார்ட்ஸ் போடு, சேனல் பிச்சுக்கிட்டுப் போகும்" என்று ஆளாளுக்குச் சொன்னதைக் கேட்டு ஒருநாள் நானும் இறங்கினேன். முதல் ஷார்ட் நன்றாகவே ஓடியது. மறுநாள் காலை யூடியூப் ஸ்டூடியோவை (சேனலை நிர்வகிக்கும் பக்கம்) திறந்தால் வியூஸ் கோடு பனைமரம் மாதிரி ஏறி நிற்கிறது. நீள வீடியோக்களின் கோட்டைத் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். அது முந்தாநாள் படுத்த இடத்திலேயே படுத்திருந்தது.

அதனால் எந்த இடத்தில் வியூஸ் அதிகம் என்பதை வைத்து இங்கே மார்க் போடப் போவதில்லை. குட்டி வீடியோவைப் பார்த்த ஒருவர் என் நீள வீடியோவுக்கு வந்து சேர எத்தனை படி ஏற வேண்டும் என்பதுதான் என் அளவுகோல். ஒவ்வொரு படியிலும் ஆள் உதிர்வார்கள்.

ஷார்ட்ஸ்: ஒரே வீடு, வேறு வாசல்

யூடியூப் ஷார்ட்ஸ் 2020 செப்டம்பரில் இந்தியாவில் சோதனையாகத் தொடங்கி, 2021 ஜூலையில் உலகமெங்கும் போனது. பல வருஷம் 60 வினாடிதான் வரம்பு. 2024 அக்டோபர் 15 முதல் ஏற்றிய, 3 நிமிஷம் வரையிலான நெட்டை, சதுர வீடியோக்கள் எல்லாமே ஷார்ட்ஸ் கணக்கில் சேர்ந்துவிட்டன.

இதன் பெரிய பலம், பார்ப்பவர் ஏற்கெனவே யூடியூபுக்குள் இருக்கிறார் என்பது. லாகின் ஆகியிருக்கிறார், சப்ஸ்கிரைப் பட்டன் பக்கத்திலேயே இருக்கிறது. முன்பு ஷார்ட்ஸின் விவரக்குறிப்பிலும் கமெண்டிலும் லிங்க் போட்டுக்கொண்டிருந்தோம். ஏமாற்று லிங்க்குகளின் தொல்லையால் 2023 ஆகஸ்ட் 31 முதல் அவையெல்லாம் அழுத்தினாலும் திறக்காத வெறும் எழுத்தாகிவிட்டன. அதற்குப் பதிலாக வந்ததுதான் 'தொடர்புடைய வீடியோ' என்ற வசதி. ஸ்டூடியோவில் அந்த ஷார்ட்டின் விவரப் பக்கத்துக்குப் போய், உங்கள் சேனலின் ஒரு நீள வீடியோவைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஷார்ட்டின் மேலேயே சின்னதாக ஒரு லிங்க் வந்து உட்காரும். ஒரே தட்டு, நீள வீடியோ திறந்துவிடும். (அந்த வசதி கண்ணில் படவில்லை என்றால், சேனலுக்கு மேம்பட்ட அம்சங்கள் இன்னும் திறக்கப்படவில்லையா என்று அமைப்புகளில் பாருங்கள்.) ஷார்ட்ஸ் போடுகிறவர்களில் நிறைய பேர் இந்த ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, "வியூஸ் வருது, ஆனா சேனல் வளரல" என்று புலம்புவதைப் பார்க்கிறேன்.

பலவீனமும் உண்டு. நீள வீடியோவைப் பார்ப்பவர் தம்ப்நெயில் என்ற முகப்புப் படத்தைப் பார்த்து, தலைப்பைப் படித்து, யோசித்து உள்ளே வந்தவர். ஷார்ட் அவர் கட்டைவிரலுக்கு அடியில் தானாக வந்து விழுந்தது. இரண்டு பேருக்கும் பொறுமை ஒரே அளவில் இருக்காது. ஷார்ட்டைப் பார்த்து ஏதோ ஒரு வேகத்தில் சப்ஸ்கிரைப் செய்தவர், அடுத்த வாரம் நான் போடும் இருபது நிமிஷ வீடியோவைக் கண்டுகொள்ளாமல் போவார். சப்ஸ்கிரைபர் எண் ஏறும், வீட்டுக்குள் ஆள் இருக்காது.

வியூஸ் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட் ஓட ஆரம்பித்த நொடியே ஒரு வியூ. திரும்ப ஓடினால் இன்னொன்று. பழைய முறையில் எண்ணிய கணக்கு ஸ்டூடியோவின் அனலிட்டிக்ஸில் (புள்ளிவிவரப் பகுதி) தனியாக இருக்கிறது. வருமானத்துக்கும், விளம்பரப் பணத்தில் பங்கு தரும் பார்ட்னர் திட்டத்தின் தகுதிக்கும் யூடியூப் எடுத்துக்கொள்வது அதைத்தான். "போன வருஷத்தைவிட இரண்டு மடங்கு ஓடுது" என்று யாராவது சொன்னால், எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும். அதோடு, 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை, அல்லது 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் வியூஸ் வேண்டும். ஷார்ட்ஸ் ஃபீடில் (தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் வரிசை) பார்த்த நேரம் அந்த 4,000 மணி நேரத்தில் சேராது. ஆக, சிறிய சேனலுக்கு ஷார்ட்ஸ் அந்த 1,000 சப்ஸ்கிரைபரை எளிதாக்கும், 4,000 மணி நேரத்தில் கை கொடுக்காது. அந்த மணி நேரம் நீள வீடியோவிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

ஷார்ட்ஸுக்குத் தனி சேனல்?

வேண்டாம். "ஷார்ட்ஸ் போட்டால் நீள வீடியோவின் ரீச் செத்துவிடும்" என்று பயந்து தனி சேனல் தொடங்குகிறார்கள். தொடர்புடைய வீடியோவாகச் சொந்தச் சேனலின் வீடியோவைத்தான் வைக்க முடியும். தனி சேனல் என்றால் அந்த ஒரு தட்டு வழியை நீங்களே அடைத்துவிடுகிறீர்கள். மொழியோ விஷயமோ முற்றிலும் வேறாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

ரீல்ஸ்: சொல்லி அனுப்பும் கூட்டம்

இன்ஸ்டாகிராமின் குட்டி வீடியோவான ரீல்ஸின் குணமே வேறு. இங்கே ஒருவர் ஒரு வீடியோவைப் பார்த்ததும் அதைத் தட்டி நண்பனுக்கு அனுப்புகிறார். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரியே 2025 ஜனவரியில், பார்க்கும் நேரம், லைக், பிறருக்கு அனுப்புவது ஆகிய மூன்றும்தான் தரவரிசையில் முக்கியம் என்று சொன்னார். "டேய், உன் சைக்கிள் இப்படித்தானே சத்தம் போடுது?" என்று ஒருவன் இன்னொருவனுக்கு அனுப்பும் வீடியோ என் மாதிரி ஆளுக்குத் தங்கம்.

ஆனால் படிகளை எண்ணுங்கள். ரீல்ஸின் கேப்ஷனில் போடும் லிங்க் அழுத்தினால் திறக்காது. பார்த்தவர் என் பெயரைத் தட்ட வேண்டும், புரொஃபைலுக்கு வர வேண்டும், அங்கே இருக்கும் லிங்க்கைத் தேட வேண்டும் (2023 முதல் ஐந்து லிங்க் வரை வைக்கலாம், ஒன்று போதும், ஐந்து இருந்தால் ஆள் குழம்புவார்). அதைத் தட்டினால் பல போன்களில் இன்ஸ்டாகிராமின் சொந்த பிரவுசருக்குள்ளேயே யூடியூப் திறக்கும். அங்கே அவர் லாகின் ஆகியிருக்க மாட்டார். வீடியோ பிடித்து சப்ஸ்கிரைப் அழுத்தினால் லாகின் செய்யச் சொல்லும். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் மூடிவிட்டுத்தான் போவேன்.

இதைச் சுற்றிப் போக ஒரு வழி பரவலாக இருக்கிறது: "கமெண்டில் 'செயின்' என்று போடுங்கள், லிங்க் அனுப்புகிறேன்." நேரடிச் செய்தியில் போகும் லிங்க் திறக்கும். கமெண்ட் எண்ணிக்கையும் கூடும். நானும் செய்து பார்த்தேன். வேலை செய்கிறது, ஆனால் ஏதோ துண்டுச்சீட்டு விநியோகிப்பது போன்ற கூச்சம் எனக்கு. ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கர் 2021 அக்டோபர் முதல் எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஸ்டோரியைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நம்மைத் தெரிந்தவர்கள்தான்.

புதிய ஆளைப் பிடிப்பதில் ரீல்ஸ் ஷார்ட்ஸுக்குப் பின்னால்தான். ஏற்கெனவே தெரிந்தவர்கள் நம்மை மறக்காமல் பார்த்துக்கொள்வதில் முன்னால்.

டிக்டாக்: உரைகல்

டிக்டாக் இல்லாத நாட்டில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்கு: நம்மை யாரென்றே தெரியாதவர்கள் முன்னால் வீடியோவை வைத்துச் சோதித்துப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. பின்தொடர்பவர் பத்துப் பேர் இருந்தாலும் வீடியோ ஓட வாய்ப்புண்டு. முதல் இரண்டு வினாடி ஆளை நிறுத்துகிறதா, எந்தச் சொல்லில் நழுவுகிறார்கள் என்பது சீக்கிரம் தெரியும்.

நீள வீடியோவுக்கு ஆள் அனுப்புவதில் மட்டும் அதற்கு அக்கறை கிடையாது. அது தானே நீள வீடியோ இடமாக மாறிக்கொண்டிருக்கிறது. 2022இல் 10 நிமிஷம் வரை அனுமதித்தது. அதன் படைப்பாளர் வருமானத் திட்டம் ஒரு நிமிஷத்துக்கு மேற்பட்ட வீடியோவுக்குத்தான் பணம் தருகிறது. இங்கேயே இரு என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் சில மணி நேரம் அந்தச் செயலியே இருண்டு போனது. அதற்கு முன்பு, 6 வினாடி வீடியோக்களால் பேர் வாங்கிய வைன் 2017 ஜனவரியில் மூடப்பட்டது. அங்கே கூட்டம் சேர்த்தவர்களில் யூடியூபுக்கு முன்கூட்டியே நகர்ந்தவர்கள் தப்பித்தார்கள்.

ஒரு நடைமுறை விஷயம். டிக்டாக்கில் போட்டதை இறக்கி அப்படியே ரீல்ஸில் ஏற்றாதீர்கள். வேறு செயலியின் முத்திரை தெரியும் வீடியோவைக் குறைவாகப் பரிந்துரைப்பதாக இன்ஸ்டாகிராம் 2021இலேயே சொல்லிவிட்டது. எடிட் முடித்ததும் முத்திரை இல்லாத பிரதி ஒன்றைப் போனில் வைத்துக்கொண்டு, அதையே எல்லா இடத்திலும் ஏற்றுங்கள்.

வெட்டிப் போடுவதா, புதிதாக எடுப்பதா?

எந்தச் செயலி என்பதைவிட எனக்கு அதிக வித்தியாசம் காட்டியது இந்தக் கேள்விதான்.

முதலில் நீள வீடியோவிலிருந்து நல்ல துண்டாகப் பார்த்து வெட்டினேன். வேலை மிச்சம். ஆனால் கிடைமட்டப் படத்தை நெட்டைப் படமாக்கினால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். என் விஷயத்தில் ஸ்பேனர் தெரிந்தால் கை தெரியாது, கை தெரிந்தால் நட் தெரியாது. மிஞ்சிய கட்டத்திலும் வலது ஓரத்தை லைக், கமெண்ட் பட்டன்கள் மறைத்துக்கொள்ளும். இப்போது வீடியோ எடுக்கும்போதே பக்கத்தில் இன்னொரு போனை நெட்டையாக நிறுத்திவிடுகிறேன்.

படச் சட்டத்தைவிடப் பெரிய சிக்கல் கதையில் இருந்தது. புது செயின் மாட்டியும் மிதிக்கும்போது ஸ்லிப் ஆகிறதே என்ற புகாருக்கு ஒரு நீள வீடியோ போட்டிருந்தேன். அதிலிருந்து 50 வினாடி வெட்டினேன்: புகார், காரணம், சரிசெய்தது, சைக்கிள் ஓடியது. ஷார்ட் ஓடியது. நீள வீடியோவுக்கு யாரும் வரவில்லை. ஏன் வருவார்கள்? எல்லாம்தான் முடிந்துவிட்டதே.

அடுத்து எதிர்ப்பக்கம் போனேன். சிக்கலைக் காட்டி, பதில் வரும் நேரத்தில் சட்டென்று நிறுத்தி, "முழு வீடியோ சேனலில்" என்றேன். கமெண்டில் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது. சாப்பாட்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோய்ப் பிடுங்கிய மாதிரி என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான பேச்சு.

மூன்றாவதாக எடுத்தது 25 வினாடி. பழைய ஃப்ரீவீலையும் (பின்சக்கரத்தில் செயின் மாட்டும் பல்சக்கரம்) புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். புதியதன் பல் நிமிர்ந்து நிற்கும். பழையதன் பல் தேய்ந்து சுறாமீன் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். "ஸ்லிப் ஆகிறதுக்குக் காரணம் செயின் இல்ல, இந்தப் பல்லு." அவ்வளவுதான், பதில் முழுசாகக் கொடுத்தாகிவிட்டது. கடைசி நாலு வினாடியில் மட்டும்: "இந்தப் பல்லைத் தின்னது பழைய செயின். அது நீண்டுபோனதை ஒரு ஸ்கேல் வச்சு முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கலாம்." விரல் லிங்க் இருக்கும் இடத்தைக் காட்டியது.

நீள வீடியோவில் இருப்பது அந்த ஸ்கேல் வேலை. நல்ல செயினில் பன்னிரண்டு முழுக் கண்ணி (உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் சேர்ந்தது ஒன்று) சரியாக 12 அங்குலம் இருக்கும். 1/16 அங்குலம் கூடினால் செயினை மாற்றும் நேரம். 1/8 அங்குலம் கூடிவிட்டால் ஃப்ரீவீலும் போயிருக்கும்.

அந்த ஷார்ட் முதல் ஷார்ட்டைவிடக் குறைவாகத்தான் ஓடியது. ஆனால் நீள வீடியோவின் கோடு அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படுக்கையை விட்டு எழுந்தது. சின்னக் கேள்விக்கு முழுப் பதில், அந்தப் பதிலுக்குள்ளிருந்தே பெரிய கேள்வி. இந்த அமைப்பு இல்லாத விஷயத்துக்கு இப்போது நான் ஷார்ட்டே போடுவதில்லை.

இடையில் ஒரு சபலம்: முடிவும் தொடக்கமும் ஒட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடுகிற மாதிரி வெட்டினால் வியூஸ் ஏறும். எனக்கும் செய்துபார்க்கக் கை அரிக்கும். ஆனால் லிங்க்கைக் காட்ட வேண்டிய அந்தக் கடைசி வினாடி அதில் கரைந்துபோகிறது.

எனக்கு நேரம் குறைவு, ஒன்றைச் சொல்

அதே சேனலில் ஷார்ட். புதிதாக எடுத்தது. ஒரு நீள வீடியோவுக்கு ஒன்று, தொடர்புடைய வீடியோ கட்டத்தை நிரப்பி. அதே பிரதியை ரீல்ஸிலும் ஏற்றுங்கள், கூடுதல் உழைப்பு ஐந்து நிமிஷம்தான். டிக்டாக் இருந்தால் அங்கே முதலில் போட்டு, தொடக்கம் ஆளை நிறுத்துகிறதா என்று பார்த்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போகலாம். நீள வீடியோவே இன்னும் இரண்டு மூன்றுதான் இருக்கிறதென்றால் ஷார்ட்ஸைத் தள்ளிப்போடுங்கள். வந்தவரை உட்கார வைக்க நாற்காலி வேண்டும்.

பலன் வந்ததா என்று பார்க்க, அனலிட்டிக்ஸில் உள்ளடக்கப் பகுதியில் ஷார்ட்ஸையும் வீடியோவையும் பிரித்துப் பாருங்கள். பிறகு பார்வையாளர் பகுதியில் திரும்பத் திரும்ப வருபவர்களின் கோடு அசைகிறதா என்று பாருங்கள். புதியவர் கோடு ஷார்ட் போட்ட நாளெல்லாம் குதிக்கும், அதை வைத்துச் சந்தோஷப்பட வேண்டாம்.

நான் இன்னொன்றையும் பார்க்கிறேன், அது எந்த வரைபடத்திலும் வராது. போன வாரம் அந்தச் செயின் வீடியோவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, ஸ்கேலோட முனையை பின்னு நடுவுல வைக்கணுமா, ஓரத்துல வைக்கணுமா?" பன்னிரண்டாவது நிமிஷம்வரை பார்க்காமல் இந்தக் கேள்வி வராது. நடுவிலோ ஓரத்திலோ, இரண்டு முனையிலும் ஒரே மாதிரி வைத்தால் சரி. அடுத்த ஷார்ட் அதுதான்.