முதுமலை ‘ஒருநாள் பேக்கேஜ்’: நான்கு பேருக்கு 8,600 ரூபாய் நாமம்

நான்கு பேருக்கு 8,600 ரூபாய். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில், அங்கிருந்து முதுமலைக்கு ‘பிரத்யேகப் பேருந்து’, காட்டுக்குள் சஃபாரி, சாயங்காலம் அதே மலை ரயிலில் இறக்கம். எல்லாம் ஒரே நாளில். விற்றது ஒரு பயண முன்பதிவுத் தளம். கைக்கு வந்தது வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டும் தார்ச்சாலையில் ஒரு ஜீப் சவாரியும். யாரும் இதில் விழாமலிருக்க, சரிபார்க்க வேண்டியதை எல்லாம் எழுதிவிடுகிறேன்.

முதலில் அட்டவணை. மலை ரயில் காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, ஊட்டி சேரும்போது ஏறக்குறைய நண்பகல். மேட்டுப்பாளையம் வரை இறங்கும் ரயில் ஊட்டியில் பிற்பகல் 2 மணிக்கு. அதை விட்டால் மறுநாள்தான். நடுவில் கிடைப்பது இரண்டு மணி நேரம். முதுமலையில் சஃபாரி கிளம்பும் இடம் தெப்பக்காடு; ஊட்டியிலிருந்து கூடலூர் வழியாக அது 65 கிலோமீட்டருக்கு மேல். மலைப்பாதை, பஸ்ஸில் போய்ச் சேரவே இரண்டரை மணி நேரம் வேண்டும். கல்லட்டி வழியில் தூரம் பாதிதான், ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள். போய்த் தொட்டுவிட்டுத் திரும்பக்கூட நேரம் பற்றாது. ஆக, இரண்டு பக்கமும் மலை ரயில், நடுவில் முதுமலை, ஒரே நாள் என்பது நடக்கவே முடியாத பயணம். தெரிந்தேதான் விற்கிறார்கள்.

நம்ப வைக்கும் வித்தை வவுச்சரில் இருக்கிறது. பணம் போன அடுத்த நிமிடமே வந்துவிடும். நான்கு பேர் பெயரும் வயதும் பிழையில்லாமல், ‘ஜன்னலோர இருக்கை’ என்ற குறிப்போடு, கீழே ‘ரயில் குறிப்பு எண்’ என்று பத்து இலக்கம். ரயில் டிக்கெட்டின் உண்மையான பதிவு எண்ணான பிஎன்ஆரும் பத்து இலக்கம்தான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. அந்த எண்ணை ரயில்வே விசாரணை எண்ணான 139இல் கொடுத்தால் அப்படி ஒரு டிக்கெட்டே கிடையாது. கூடவே ‘நீலகிரி இ-பாஸ் 400 ரூபாய்’ என்று ஒரு வரி. 2024 மே மாதம் வந்த இ-பாஸ் வாகனங்களுக்கானது, அதற்குக் கட்டணமே இல்லை. ரயிலிலும் அரசுப் பேருந்திலும் போகிறவர்களுக்கு அது தேவையும் இல்லை. இல்லாத செலவுக்கு 400!

உண்மையான பிஎன்ஆர் முந்தின நாள் ராத்திரிதான் வந்தது. வெயிட்டிங் லிஸ்ட். கேட்டால், “சார்ட் போட்டதும் கன்ஃபர்ம் ஆயிடும் சார், இந்த ரயில்ல எப்பவும் அப்படித்தான்.” சின்னச் சின்னப் பெட்டிகள், சொற்ப இருக்கைகள்; அந்தப் பட்டியல் லேசில் நகராது. சார்ட் போட்ட பிறகு, “டிடிஆர்கிட்ட சொல்லி ஏறிக்குங்க.” வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றுவிட்ட இ-டிக்கெட்டோடு ஏறினால் டிக்கெட் இல்லாத பயணி என்றுதான் கணக்கு.

இங்கேதான் திருட்டின் மையம். அப்படி நின்ற இ-டிக்கெட் தானாகவே ரத்தாகி, சிறு பிடித்தம் போக மீதிப் பணம் திரும்பும். ஆனால் எந்தக் கணக்கிலிருந்து கட்டப்பட்டதோ அந்தக் கணக்குக்குத்தான். கட்டியது தளம், ஆகவே ரீஃபண்டும் தளத்துக்கே. இது தெரிந்துகொண்டே, “ரயில்வேதான் தரணும், ஏழு வேலை நாள் ஆகும்” என்றார்கள். பிறகு மேலாளர் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். பிறகு ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி. என்ன தீர்ந்தது? 8,600 ரூபாய்க்குச் செலவு விவரம் கேட்டதும் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்கள்.

‘பிரத்யேகப் பேருந்து’ என்பது ஊட்டி பஸ் நிலையத்தில் நிற்கும் சாதாரண அரசுப் பேருந்து; டிக்கெட்டும் நாமே எடுக்க வேண்டும். ‘சஃபாரி’ என்பது முதுமலையை ஒட்டிய மசினகுடியில் ஏற்றி, பஸ்ஸும் லாரியும் ஓடும் பொதுச் சாலையில் சுற்றிக் காட்டும் தனியார் ஜீப். காப்புக் காட்டுக்குள் சஃபாரி போவது வனத்துறை வண்டி மட்டுமே. ஜீப்பில் காட்டிய மானையும் மயிலையும் அந்தச் சாலையில் போகும் பஸ்ஸின் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் யானையையும். அதற்கா 8,600?

இனி, சரிபார்க்க வேண்டியது இவைதான். மலை ரயில் டிக்கெட்டை உங்கள் சொந்த ஐஆர்சிடிசி கணக்கில் எடுங்கள். பிஎன்ஆர் கையில் வந்து, 139இல் சரிபார்க்கும் வரை யாருக்கும் முழுப்பணம் கட்டாதீர்கள். யுபிஐயில் நிறுவனப் பெயருக்குப் பதில் தனிநபர் பெயர் காட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். சஃபாரிக்குத் தெப்பக்காட்டு வனத்துறை கவுன்டர், இல்லையென்றால் அவர்களுடைய அதிகாரப்பூர்வ இணையதளம். இரவு 9 முதல் காலை 6 வரை காட்டுச் சாலை மூடியிருக்கும், திரும்பும் பஸ்ஸை முதலிலேயே கேட்டு வையுங்கள். பணம் போய்விட்டால் அன்றே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள், தாமதித்தால் பணத்தை முடக்குவது கஷ்டம். சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. வவுச்சர், உரையாடல், பணம் போன ரசீது மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுப் பிறகு சண்டை போடுங்கள்; பிளாக் செய்வதற்கு முன் அனுப்பியதையெல்லாம் அழித்துவிடுகிறார்கள்.