ஆர்வி ஏசி ரிப்பேரா, புதுசா? டெக்சாஸ் வெயில்ல எனக்கு ஆன செலவு

ஆஸ்டின்ல இருக்கற ஃப்ரெண்ட் ஒருத்தர் பழைய ட்ராவல் ட்ரெய்லர் ஒண்ணு வாங்கலாம்னு பாத்து வெச்சிருக்கார் (ஆர்வின்னா உள்ளயே தங்கிக்கிட்டு பயணம் போற வண்டி, ட்ராவல் ட்ரெய்லர்ங்கறது அதுல இன்னொரு வண்டிக்குப் பின்னாடி கட்டி இழுத்துட்டுப் போற வகை). ஏசி ஓடல, அதனால விலைய கொஞ்சம் குறைச்சுக்கறேன்னு ஓனர் சொல்றாராம், ஏசி மாத்த எவ்ளோ ஆகும்னு கேட்டார். வாட்ஸ்அப்ல ஆரம்பிச்ச பதில் நீண்டுட்டே போச்சு, வேற யாருக்காவது உதவட்டும்னு இங்க போடறேன்.

எங்களோடது 30 ஆம்ப் ட்ரெய்லர் (வெளியிலேருந்து அது இழுக்கக்கூடிய கரண்ட்டோட அளவு), கூரைல ஒரே ஒரு 13,500 பிடியூ ஏசி (பிடியூங்கறது குளிர்விக்கற திறனோட அளவு). மொதல் பிரச்சினை ஒரு ஜூலைல வந்துச்சு. ஃபேன் நல்லா ஓடுது, ஆனா கம்ப்ரசர் கிளம்பற நேரத்துல ஒரு உறுமல் மட்டும் கேக்கும், கொஞ்ச நேரத்துல பிரேக்கர் விழுந்துடும். சர்வீஸ் சென்டர் ஒண்ணுக்குக் கொண்டு போனோம். சீசன் நேரம்னு வாரக்கணக்குல காக்க வெச்சாங்க, செக் பண்ண மட்டும் 175 டாலர், கடைசில கம்ப்ரசர் போச்சு முழு யூனிட்டையும் மாத்தணும் 2,300 டாலர் ஆகும்னு ஒரு பேப்பர் குடுத்தாங்க. எனக்கு நம்பிக்கை வரல. வீட்டுக்கே வந்து பாக்கற மொபைல் டெக்னீஷியன் ஒருத்தரைக் கூப்பிட்டேன், அவர் கூரை மேல ஏறி மூடியக் கழட்டி, கம்ப்ரசர் கிளம்ப உந்துதல் குடுக்கற கபாசிட்டர்ல மீட்டர் வெச்சுப் பாத்தார், அது செத்துப் போயிருந்துச்சு. 25 டாலர் பார்ட், அவர் வந்து போன கூலியும் சேத்து 180. அதே ஏசி அதுக்கப்புறம் ரெண்டு சம்மர் ஓடுச்சு!

எனக்கு இன்னிக்கும் ஆறாத கோவம் இதுதான். விலை கூட ரெண்டாவது. மூடியத் திறந்து பாக்காமயே மாத்துன்னு சொல்றாங்க பாருங்க, அதைத் தாங்க முடியல. 175 டாலர் வாங்கினது எதுக்கு, நாலஞ்சு ஸ்க்ரூ கழட்டிப் பாக்கறதுக்குத்தானே?

கபாசிட்டர் ஏன் போகுதுன்னு தெரிஞ்சுக்கறது நல்லது. கோடைல, இந்த வண்டிங்களை நிறுத்தி கரண்ட் எடுத்துக்கற கேம்ப்கிரவுண்ட் ஃபுல்லா இருக்கும், மத்தியானம் எல்லாரும் ஏசி போடுவாங்க, வோல்டேஜ் இறங்கிடும். 120 வர வேண்டிய எடத்துல 108க்கு கீழ போச்சுன்னா கம்ப்ரசர் அதிக கரண்ட் இழுத்து சூடாகும், கபாசிட்டரும் அடி வாங்கும், விட்டா கம்ப்ரசரே போயிடும். வோல்டேஜ் குறைஞ்சா தானா கட் பண்ற ஈஎம்எஸ் பெட்டி சுமார் 300 டாலருக்கு கிடைக்குது, அது கட்டாயம் வேணும். இன்னொண்ணு, நீங்களே கபாசிட்டர் மாத்தறதா இருந்தா பவரை எடுத்துட்டாலும் அதுல சார்ஜ் நிக்கும், டிஸ்சார்ஜ் பண்ணாம கை வெக்காதீங்க.

அப்புறம் நிஜமாவே ஒரு நாள் ஏசிக்குள்ள குளிர்விக்கற கேஸ் லீக் ஆச்சு. இங்கதான் ஆர்வி ஏசியோட டிசைன் மேலயே எனக்கு எரிச்சல். வீட்டு ஏசி மாதிரி கேஸ் அடிக்கறதுக்கு ஒரு சர்வீஸ் வால்வு கூட பெரும்பாலும் இருக்காது, ஃபேக்டரிலயே சீல் பண்ணி அனுப்பிடறாங்க. திறக்கணும்னா பைப்பை வெட்டி வால்வு வெச்சு, லீக்கைத் தேடி அடைச்சு, வேக்யூம் போட்டு, கேஸை எடை போட்டு ஏத்தணும், அதையும் லைசென்ஸ் இருக்கறவர்தான் செய்யணும். மணிக்கு 150 டாலர்னு லேபர் போட்டா புது யூனிட் விலைல பாதிக்கு மேல வந்துடுது, அப்புறமும் கேரண்டி கிடையாது. அதனால இந்த வாட்டி மாத்திடலாம்னு அதே மொபைல் டெக்னீஷியன் சொன்னப்ப ஒத்துக்கிட்டேன், அவர் கணக்கு போட்டுக் காட்டிட்டுத்தான் சொன்னார்.

புது மேல் யூனிட் 950 டாலர். கூரை ஓட்டை கிட்டத்தட்ட எல்லா பிராண்டுக்கும் அதே 14 இன்ச் சதுரம்தான், ஆனா உள்ள சீலிங்ல இருக்கற பெட்டி ஒத்து வராது, டொமெடிக் எடத்துல கோல்மன் போட்டா கீழ்ப்பெட்டியும் சேத்து வாங்கணும், எனக்கு அது ஒரு 200. கேஸ்கெட், லேபர் எல்லாம் சேத்து 1,700 கிட்ட வந்துச்சு. யூனிட்டே ஒரு 80, 90 பவுண்டு இருக்கும், கூரைக்கு ஏத்தறதுக்கே ரெண்டு பேர் வேணும், அதனால லேபர் காசை நான் குறை சொல்ல மாட்டேன்.

கடைல 12,000 பிடியூ விண்டோ ஏசி 400 டாலருக்கு கிடைக்கறப்ப இதுக்கு மட்டும் ஏன் ரெண்டு மடங்குக்கு மேலன்னு வயிறு எரியத்தான் செய்யுது. ஆனா நியாயமா பாத்தா விண்டோ ஏசி ஒரே எடத்துல நிக்குது, இது ஹைவேல 65 மைல் வேகத்துல ஆடிக்கிட்டே போகுது, மழையும் வெயிலும் நேரா தலைல விழுது, அதைத் தாங்கற மாதிரி செய்யணும்ல. அதுக்காக ஒரு சர்வீஸ் வால்வு வெக்க முடியாதா?

எதிர்பாக்காம கிடைச்ச சந்தோஷம் ஒரு ரோல் ஃபாயில் டேப். புதுசு மாட்டறப்ப டெக்னீஷியன் சீலிங் பெட்டிக்குள்ள காட்டினார், குளிர்காத்து போற பக்கத்துக்கும் காத்தை உள்ள இழுக்கற பக்கத்துக்கும் நடுவுல பெரிய இடைவெளி, ஃபேக்டரில அப்படியே விட்டிருக்காங்க, குளிர்காத்து ரூம்களுக்குக் கொண்டு போற டக்டுக்குப் போகாம சுத்தி மறுபடி ஏசிக்குள்ளயே போயிட்டு இருந்திருக்கு. எல்லாத்தையும் டேப் போட்டு அடைச்சோம். பின்னாடி பெட்ரூம்ல இவ்ளோ காத்து வரும்னே எனக்குத் தெரியாது, பசங்க போர்வை கேட்டாங்க! உள்ள இழுக்கற காத்துக்கும் வெளிய வர்ற காத்துக்கும் 20 டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசம் வருது, 16லேருந்து 22 இருந்தா நல்ல ஏசி. உங்க ஏசி சரியா குளிரலன்னா ரிப்பேருக்குப் போறதுக்கு முன்னாடி இந்த டேப் வேலையைப் பாத்துடுங்க.

ஆக புது யூனிட் மேல எனக்கு ஒரு புகாரும் இல்ல, நல்லா குளிருது, சத்தமும் பழசை விடக் குறைவு. ஆனாலும் டெக்சாஸ்ல ஒரே ஏசி வெச்ச 30 ஆம்ப் ட்ரெய்லரை நான் இன்னொரு தடவை வாங்க மாட்டேன். வாங்கினா 50 ஆம்ப், ரெண்டு ஏசிதான். ஒண்ணு போனா இன்னொண்ணுல ராத்திரிய ஓட்டிடலாம், 104 டிகிரில குழந்தைங்களை வெச்சுக்கிட்டு நடுவழில நிக்க வேண்டாம், யார் என்ன எஸ்டிமேட் குடுத்தாலும் அவசரப்பட்டு தலையாட்டவும் வேண்டாம்.

ஃப்ரெண்டுக்கு சொன்னது இதுதான்: மத்தியான வெயில்ல போய் ஏசிய போட்டுப் பாருங்க. கம்ப்ரசர் உறுமிட்டு நின்னுச்சுன்னா கபாசிட்டரா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, வாங்கறதுக்கு முன்னாடியே ஒரு மொபைல் டெக்னீஷியனை கூட்டிட்டுப் போய் மீட்டர் வெச்சுப் பாத்துடுங்க. கம்ப்ரசர் ஓடியும், ஃபில்டரும் காயிலும் சுத்தமா இருந்தும் குளிரலன்னா கேஸ் போச்சுன்னு வெச்சுக்கிட்டு விலைல 2,000 டாலர் குறைக்கச் சொல்லுங்க, அதுக்கு ஓனர் ஒத்துக்கலன்னா வேற வண்டி பாருங்க.